உப்புக்காற்றுக் கரையில் வாட்ச் சேகரிப்பு: புதிதாக ஒன்றைச் சேர்க்கும் முறை

கையில் கட்டியிருக்கும் வாட்சைக் கழற்றி, பட்டை வந்து வாட்சின் உடலோடு சேரும் இடுக்கில் ஒரு பல்குத்தும் குச்சியை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். நீங்கள் மண்டபத்திலோ பாம்பனிலோ கீழக்கரையிலோ தொண்டியிலோ குடியிருப்பவர் என்றால், குச்சியின் நுனியில் கருஞ்சாம்பல் நிறத்தில் பிசுபிசுப்பான ஒரு களிம்பு ஒட்டிக்கொண்டு வரும். வியர்வையும் தோலின் அழுக்கும் கடற்காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பும் சேர்ந்தது அது. உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்வதால், அந்தக் களிம்பு நல்ல வெயில் நாளிலும் முழுமையாகக் காய்வதில்லை. அதில் பச்சை நிறமும் கலந்திருந்தால், மேல்பூச்சு தேய்ந்து உள்ளேயுள்ள பித்தளை வெளிப்பட்டுவிட்டது என்று பொருள்.

வேறு ஊர்களில் வாட்ச் சேகரிப்பவர்கள் டயலின் அழகிலிருந்து தொடங்கலாம். இராமநாதபுரம் கரையில் இருக்கும் நாம் உடலின் உலோகத்திலிருந்து தொடங்க வேண்டும். 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தைத் துருவிலிருந்து காப்பது ஓயாத வேலையாகவே இருந்தது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்துக்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் பாலிசிலாக்சேன் பூச்சும் தேவைப்பட்டன. அதே காற்றுதான் நம் மணிக்கட்டின் மீதும் வீசுகிறது. இரண்டு மூன்று வாட்ச்களை வைத்துக்கொண்டு அடுத்ததைச் சேர்க்க நினைப்பவர்களுக்காக, நான் பின்பற்றும் முறையை வரிசைப்படி எழுதுகிறேன்.

படி 1: இருப்பதை எழுதிவையுங்கள்

ஒரு கோடு போட்ட நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வாட்சுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, பெயர், பின்மூடியில் உள்ள எண்கள், பட்டையின் அகலம், வாங்கிய நாள், கடைசியாகச் செல் மாற்றிய அல்லது சர்வீஸ் செய்த நாள் ஆகியவற்றை எழுதுங்கள். பட்டையின் அகலத்தை மில்லிமீட்டரில் அளப்பது முக்கியம். 18, 20, 22 என்ற அளவுகளில் ஒன்றையே உங்கள் வாட்ச்கள் பகிர்ந்துகொண்டால், நான்கு பட்டைகளை வைத்தே எல்லாவற்றையும் மாற்றி மாற்றிக் கட்டலாம்.

எழுதி முடித்ததும், கடந்த மூன்று மாதங்களில் ஒருமுறைகூடக் கட்டாத வாட்ச் எது என்று பாருங்கள். அது ஏன் கையேறவில்லை என்பதைக் கண்டுபிடிக்காமல் புதிதாக ஒன்றை வாங்கினால், அதே காரணத்துக்காக அதுவும் பெட்டிக்குள்ளேயே கிடக்கும்.

படி 2: எந்த வகை இல்லை என்று பாருங்கள்

தொடக்கநிலையில் மூன்று வகைகளை அறிந்தால் போதும். செல் போடும் குவார்ட்ஸ் வாட்சில் ஒரு சிறிய படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அதை எண்ணியே முள் நகர்கிறது. 1969 டிசம்பரில் ஜப்பானின் சைக்கோ (Seiko) நிறுவனம் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்த பிறகு, துல்லியம் எளியவர் கைக்கும் வந்தது. கேசியோ எஃப்-91டபிள்யூ போன்ற விலை குறைந்த வாட்ச்கூட மாதத்துக்கு 30 விநாடிக்கு மேல் பிசகுவதில்லை. சாவி கொடுக்கும் வாட்சை நாள்தோறும் ஒரே நேரத்தில் முடுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் வாட்ச் கையின் அசைவிலேயே முடுக்கிக்கொள்ளும். கழற்றி வைத்தால் ஏறத்தாழ இரண்டு நாளில் நின்றுவிடும்.

இம்மூன்றில் உங்களிடம் இல்லாத வகையே அடுத்து வர வேண்டும் என்பது என் கருத்து. மூன்று குவார்ட்ஸ் வாட்ச்களை வைத்திருப்பவர் நான்காவதாகவும் குவார்ட்ஸ் வாங்கினால் டயலின் நிறம் மட்டுமே மாறும். சாவி கொடுக்கும் வாட்ச் ஒன்றை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டால், வாட்சைப் பற்றிய எண்ணமே மாறும்.

படி 3: உடல் எதனால் ஆனது என்று கேளுங்கள்

இந்தப் படியில் மட்டும் அவசரம் வேண்டாம். விலை குறைந்த வாட்ச்களிலும் பழைய வாட்ச்கள் பலவற்றிலும் உடல் பித்தளையால் ஆனது; அதன்மேல் குரோமியப் பூச்சு இருக்கும். பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால், எஃகு என்று உறுதி சொல்வது பின்மூடியை மட்டுமே. முழு உடலும் எஃகு என்று எண்ணிப் பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். பூச்சு முதலில் தேய்வது பட்டை மாட்டும் கொம்புகளின் அடிப்பக்கத்தில் என்பதால், வாங்குவதற்கு முன் வாட்சைக் கவிழ்த்து அந்த நான்கு கொம்புகளையும் பாருங்கள். மஞ்சள் தெரிந்தால் நம் ஊர்க் காற்றுக்கு அது ஆகாது. ஆசைப்பட்டு வாங்கினாலும் கல்யாண வீட்டுக்குக் கட்டிப்போய்விட்டுத் துடைத்து வைக்க மட்டுமே பயன்படும்.

எஃகிலும் வேறுபாடு உண்டு. 316எல் என்ற வகையில் மாலிப்டினம் இரண்டு முதல் மூன்று சதவீதம் வரை கலந்திருப்பதால், அது உப்பின் அரிப்பை 304 வகையைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் 316எல் என்றாலும் முழுக் காப்பு இல்லை. பின்மூடியின் திருகு வரிகளில் உப்பும் ஈரமும் தேங்கினால், காற்றுப் புகாத அந்த இடுக்கில் எஃகும் ஊசி குத்தினாற்போல் பொத்தல் விழும். டைட்டானியம் இந்தக் கவலையை ஏறத்தாழ முழுமையாகத் தீர்க்கிறது; 1970-இலேயே சிட்டிசன் நிறுவனம் டைட்டானியத்தில் கைக்கடிகாரம் செய்துவிட்டது. விலை கட்டுப்படியாகாதவர்களுக்கு ரெசின் என்ற பிளாஸ்டிக் உடல் கொண்ட டிஜிட்டல் வாட்ச் மிக நல்ல தேர்வு. கடலுக்குப் போகிறவர்களுக்கும் நான் அதையே சொல்வேன்.

படி 4: தண்ணீர் எண்ணைச் சரியாகப் படியுங்கள்

டயலிலோ பின்மூடியிலோ '30 மீட்டர்' என்று இருப்பதை முப்பது மீட்டர் ஆழம் என்று நானும் ஒருகாலத்தில் நம்பினேன். சம்பாதித்த பணத்தில் வாங்கிய முதல் வாட்சோடு அரியமான் கடற்கரையில் இடுப்பளவு நீரில்தான் குளித்தேன். மாலையில் கண்ணாடியின் உட்புறத்தில் மூச்சு விட்டதுபோல் ஆவி படிந்தது. நான்கு நாளில் விநாடி முள் ஒரே இடத்தில் துடிக்கத் தொடங்கியது. ரிப்பேர் பார்ப்பவர் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். செல்லைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருந்தது. நேரத்தை மாற்றப் பக்கவாட்டில் திருகும் சாவியின் தண்டு துருத்தூள் அப்பியதுபோல் சிவந்திருந்தது. "நல்ல தண்ணியா இருந்தாக் காய வச்சிரலாம் தம்பி, இது கடத்தண்ணி" என்றார்.

அந்த எண், ஆடாமல் அசையாமல் இருக்கும் வாட்சின்மீது சோதனையில் செலுத்தும் அழுத்தத்தின் அளவு. பத்து மீட்டர் நீருக்கு ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் என்பது கணக்கு. நடைமுறையில் 30 மீட்டர் என்றால் கை கழுவும்போது தெறிக்கும் நீரைத் தாங்கும். 50 என்றால் மழையில் நனையலாம். 100 இருந்தால்தான் கடலில் குளிக்கலாம். முக்குளிப்பவர்களுக்கு ஐஎஸ்ஓ 6425 தரப்படி சோதித்த 200 மீட்டர் வாட்ச் வேண்டும். நம் கரையில் தினமும் கட்டும் வாட்சுக்கு 100 மீட்டருக்குக் குறையாத எண்ணும், திருகி மூடும் சாவியும் இருப்பது நல்லது. இந்தத் தாங்குதிறன் முழுவதும் பின்மூடியின் அடியிலும் சாவியிலும் உள்ள ரப்பர் வாஷர்களையே நம்பியிருக்கிறது. செல் மாற்றும்போது வாஷர் முறுக்கிக்கொண்டால் 100 மீட்டர் வாட்சும் மழைக்கே ஆகாததாகிவிடும். ஆகவே செல் போடும் இடத்திலேயே நின்று, வாஷர் பள்ளத்தில் சரியாக உட்கார்ந்த பின்பே மூடச் சொல்லுங்கள்.

படி 5: பழைய வாட்ச் என்றால் எண்களோடு பேசுங்கள்

இந்த மாவட்டத்தில் சேகரிப்பவருக்கு வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஒரு வாய்ப்பு உண்டு. கீழக்கரை, ஏர்வாடி, தேவிபட்டினம், தொண்டி எனக் கரை நெடுக, வளைகுடாவுக்குப் பிழைக்கப் போனவர்கள் வாங்கிவந்த சைக்கோ 5, சிட்டிசன், ஓரியண்ட் வாட்ச்கள் அலமாரிகளில் இன்னும் உறங்குகின்றன. கீழக்கரையில் எனக்குப் பழக்கமான காக்கா (அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள்) ஒருவர், "ஜித்தாவுல மொத சம்பளத்துல எடுத்தது தம்பி, ஓடலன்னாலும் இருக்கட்டும்னு வச்சிருக்கேன்" என்று சொல்லி ஒரு சைக்கோ 5-ஐக் காட்டினார். கிழமைச் சக்கரத்தைச் சுழற்றியபோது ஆங்கிலமும் அரபியும் மாறி மாறி வந்தன. அது வளைகுடாச் சந்தைக்காகச் செய்த வாட்ச் என்பதற்கு அந்தச் சக்கரமே நல்ல அடையாளம்.

சைக்கோவின் பின்மூடியில் இரண்டு எண்கள் இருக்கும். 7எஸ்26-உடன் நான்கு இலக்கங்கள் சேர்ந்த வடிவில் வருவதில் முதல் பகுதி மெஷினின் பெயர், இரண்டாம் பகுதி உடலின் குறியீடு. மற்றொன்று ஆறு இலக்க வரிசை எண். அதன் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மாதங்களுக்கு ஓ, என், டி என்ற ஆங்கில எழுத்துகள் வரும். எந்தப் பத்தாண்டு என்பதை மெஷின் எந்தக் காலத்தது என்பதிலிருந்து ஊகிக்க வேண்டும். பிறகு டயலின் அடிவிளிம்பில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மிகச் சிறிய எழுத்தில் அங்கும் மெஷின் பெயர் தெரியும். பின்மூடி ஒன்றையும் டயல் வேறொன்றையும் சொன்னால், இரண்டு வாட்ச்களைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள்.

எச்எம்டிக்கு இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சிட்டிசனின் தொழில்நுட்ப உதவியுடன் 1961-இல் பெங்களூரில் தொடங்கிய அந்த வாட்ச் தொழிலை மூடுவதற்கு 2016-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதன்பின் எச்எம்டியின் பழைய ஜனதா, பைலட் மாடல்களுக்கு ஆசை கூடியதால், மங்கிய டயலைச் சுரண்டிப் புதுப் பெயிண்ட் அடித்து விற்பது பெருகிவிட்டது. ஐம்பது வயதுள்ள வாட்சில் டயல் மட்டும் நேற்று அச்சடித்ததுபோல் பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். எழுத்தின் ஓரம் தடித்துக் கசிந்திருக்கிறதா, நிமிடக் கோடுகள் சம இடைவெளியில் நிற்கின்றனவா என்று லென்ஸில் பாருங்கள். பளபளப்பாக்கத் தேய்த்ததில் கொம்புகளின் கூர்விளிம்பு மழுங்கியிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பின்மூடியைத் திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்காதீர்கள். என்னைக் கேட்டால், வயதுக்கேற்ற பழுப்பு ஏறிய அசல் டயல், பெயிண்ட் அடித்த பத்து டயல்களைவிட உயர்ந்தது.

படி 6: விலையோடு சர்வீஸையும் கூட்டுங்கள்

சாவி கொடுக்கும் வாட்சுக்கும் ஆட்டோமேட்டிக்குக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை மெஷினைப் பிரித்துக் கழுவி எண்ணெயிட வேண்டும். வாங்குவதற்கு முன்பே உங்கள் ஊர் ரிப்பேர்காரரிடம் அந்த மெஷினைக் காட்டி, உதிரிப்பாகம் கிடைக்குமா, எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையையும் விலையோடு சேர்த்தே முடிவெடுங்கள்.

படி 7: முதல் வாரத்தில் சோதியுங்கள்

புதிய வாட்சை முதல் நாள் காலை கைப்பேசி நேரத்தோடு விநாடி பிசகாமல் பொருத்துங்கள். ஏழு நாளும் அதே நேரத்தில் எத்தனை விநாடி முந்தியது அல்லது பிந்தியது என்று நோட்டில் குறியுங்கள். சைக்கோவின் 7எஸ்26 மெஷினுக்கு அந்நிறுவனமே ஒரு நாளைக்கு 45 விநாடி முந்துவது முதல் 35 விநாடி பிந்துவது வரை இயல்பு என்று சொல்வதால், அந்த எல்லைக்குள் இருந்தால் கவலை வேண்டாம். திடீரென்று நாளுக்குப் பல நிமிடங்கள் முந்தினால், ஸ்பீக்கர் அல்லது காந்த மூடி கொண்ட கைப்பேசி உறையின் அருகில் வைத்ததால் காந்தம் ஏறியிருக்கலாம். அதை நீக்குவது ரிப்பேர்காரருக்குச் சில விநாடி வேலை. தேதி காட்டும் வாட்சில் இரவு ஒன்பது முதல் அதிகாலை மூன்று வரை தேதியைக் கையால் மாற்றக் கூடாது. அந்த நேரத்தில் பற்கள் பிணைந்திருப்பதால் உடையக்கூடும்.

படி 8: கழுவுவது, வைப்பது

100 மீட்டரும் அதற்கு மேலும் தாங்கும் வாட்சை, சாவி முழுமையாகத் திருகியிருப்பதை உறுதிசெய்துகொண்டு, வாரம் ஒருமுறை கழுவுங்கள். ஆழ்குழாய்த் தண்ணீர் நம்மில் பலர் வீட்டில் உப்பாகவே இருப்பதால் அது உதவாது. குடிப்பதற்குக் குடத்தில் பிடித்துவைத்த காவிரித் தண்ணீரில் ஒரு கிண்ணம் எடுத்து, மென்மையான பழைய பல்துலக்கும் பிரஷால் கொம்பு இடுக்குகளையும் செயின் இணைப்புகளையும் தேய்த்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் தாங்காத பழைய வாட்சுக்கு ஈரம் பிழிந்த துணியால் துடைப்பது மட்டுமே போதும்.

தோல் பட்டை நம் வியர்வைக்கு ஓராண்டுகூடத் தாங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூஞ்சையும் பிடிக்கும். ரப்பர் அல்லது நைலான் பட்டையை மாட்டி, நைலானை மட்டும் அடிக்கடி அலசுங்கள். பட்டையைத் தாங்கும் பின்கள் துருப்பிடித்து ஒடிந்து, கடலில் வாட்சைப் பறிகொடுத்தவர்களை நான் அறிவேன். அவற்றை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சில ரூபாய்தான் ஆகும்.

வைப்பதற்கு, ரப்பர் விளிம்புள்ள இறுக்கமான டப்பாவும் அதற்குள் சிலிகா ஜெல்லும் போதும். நிறம் மாறும் வகையை வாங்கினால், ஈரம் நிறைந்ததும் தெரிந்துவிடும். வாணலியில் மிதமாகச் சூடாக்கி மீண்டும் பயன்படுத்தலாம். அரிசியில் புதைக்கும் பழக்கம் வேண்டாம், அதன் தூசு சாவி இடுக்கில் ஏறும். நீண்ட நாள் கட்டாத குவார்ட்ஸ் வாட்சின் செல்லைக் கழற்றி வையுங்கள். தீர்ந்த செல் கசிந்தால் மெஷினையே தின்றுவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஜன்னலை ஒட்டிய மேசையில் எந்த வாட்சையும் இரவு முழுதும் திறந்து வைக்காதீர்கள். டப்பாவை மூடுவதற்கு முன், புதிய வாட்சின் பக்கத்தில் ஏழு நாள் விநாடிக் கணக்குக்குக் கீழே, முதன்முதலாகக் கழுவிய தேதியையும் எழுதிவிடுங்கள்.