செம்மண் புஞ்சையில் நிலக்கடலை: பூச்சி, நோய் பார்ப்பதும் பறிக்கும் நாளைக் குறிப்பதும்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் கண்மாய்த் தண்ணீர் எட்டாத மேட்டுப் புஞ்சையில் முதன்முறையாகக் கடலை போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் செம்மண்ணும் சரளையும் ஈரத்தை நெடுநாள் பிடித்து வைப்பதில்லை. மழை தள்ளிப்போனால் சுருள்பூச்சி வரும். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் இலைப்புள்ளி வரும். ஆகவே மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்பு செடியைப் பார்க்கப் பழக வேண்டும்.

முதல் படி: விதைப்புக்கு முன்

கோடை மழை பெய்தவுடன் ஆழமாக உழுதுவிடுங்கள். மண்ணுக்குள் உறங்கும் சிவப்புக் கம்பளிப்பூச்சியின் கூட்டுப்புழுக்கள் மேலே புரண்டு வெயிலுக்கும் பறவைகளுக்கும் இரையாகும். விதைப்பருப்பை உடைந்தது, சுருங்கியது இல்லாமல் பொறுக்கி, கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைத்தால் கழுத்தழுகலும் வேரழுகலும் பெருமளவு தடுக்கப்படும். இதனோடு ரசாயனப் பூஞ்சாணக்கொல்லியைச் சேர்க்கக் கூடாது, ஏனெனில் டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணமே. வரப்போரம் ஆமணக்கும், கடலை வரிசைகளுக்கு இடையே கம்புப் பயிரும் விதைத்து வையுங்கள்.

இரண்டாம் படி: முதல் மழைக்குப் பின்

நல்ல மழை பெய்த அடுத்த சில நாட்களில் கம்பளிப்பூச்சியின் தாய் அந்துகள் வெளிவரும். இரவு 7 மணி முதல் 11 மணி வரை விளக்குப்பொறி வைத்தால் பெரும்பகுதி அதிலேயே விழுந்துவிடும். பக்கத்து நிலத்திலிருந்து புழுக்கள் படையாக நகர்ந்து வந்தால், வயலைச் சுற்றி ஒரு முழத்துக்குக் குறையாத ஆழத்தில் வாய்க்கால் வெட்டி, அதில் விழுபவற்றை அழிக்கலாம். ஊரார் சேர்ந்து செய்தால்தான் இது முழுப் பலன் தரும். ஒருவர் வயலில் மட்டும் விளக்கு வைத்துப் பயனில்லை.

மூன்றாம் படி: வாரம் ஒருமுறை வயலுக்குள் நடப்பது

வரப்பில் நின்று பார்ப்பது பார்த்ததாகாது. உள்ளே இறங்கி, நாலைந்து இடங்களில் உட்கார்ந்து இலையைப் புரட்டிப் பாருங்கள். சிற்றிலைகள் ஒன்றோடொன்று ஒட்டி மடிந்திருந்தால் மெல்லப் பிரியுங்கள். உள்ளே மெலிந்த பச்சைப் புழு நெளிந்தால் அது சுருள்பூச்சி. அதை விட்டுவிட்டால் சில வாரங்களில் வயல் தூரத்திலிருந்து தீயில் கருகியதுபோல் தெரியும். ஆமணக்கு இலையின் அடியில் பழுப்பு ரோமம் போர்த்திய முட்டைக் குவியல் இருந்தால் அது புகையிலைப் புழுவினுடையது. இலையோடு கிள்ளி அழித்துவிடுங்கள்.

ஆரம்ப நிலைத் தாக்குதலுக்கு 5 சதவீத வேப்பங்கொட்டைக் கரைசல் போதும். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கி, சிறிது காதி சோப்புக் கரைசல் சேர்த்து, வெயில் தாழ்ந்த மாலையில் தெளியுங்கள். அன்றன்று தயாரித்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

40 முதல் 45 நாளுக்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும். அதன் சுண்ணாம்புச் சத்து இல்லையென்றால் பொக்குக் காய் மிகும். விழுது, அதாவது பூவிலிருந்து இறங்கி நுனியில் காய் பிடிக்கும் காம்பு, மண்ணில் இறங்கிய பிறகு களைக்கொத்து படவே கூடாது.

நான்காம் படி: இலைப்புள்ளியும் துருவும்

இலையின் மேற்புறத்தில் மஞ்சள் வளையம் சூழ்ந்த பழுப்புப் புள்ளி தெரிந்தால் அது முன்பருவ டிக்கா நோய். அடிப்புறத்தில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது பின்பருவ டிக்கா. அடிப்புறத்தைத் தடவும்போது விரலில் செங்கல்பொடி ஒட்டினால் அது துரு. கீழிலைகளில் தொடங்கும்போதே லிட்டருக்கு 2 கிராம் மான்கோசெப் கலந்து தெளித்து, தேவைப்பட்டால் 15 நாள் கழித்து மீண்டும் தெளிக்கலாம். கொடியை மாட்டுக்குப் போடுவோம் என்பதால், அறுவடை நெருங்கும்போது தெளிக்காதீர்கள். புட்டியில் உள்ள காத்திருப்புக் காலத்தை வாசித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: பறிக்கும் நாள்

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். இலை மஞ்சளாகி உதிர்ந்தால் முற்றிவிட்டது என்று சொல்வார்கள். டிக்கா பிடித்த செடியும் அப்படித்தான் உதிர்க்கும். என் முதல் சாகுபடியில் அதை முற்றல் என்று நம்பிப் பறித்துவிட்டேன். காய்ந்த பிறகு உடைத்துப் பார்த்தால் பருப்பு சூம்பிக் கிடந்தது. எனவே இலையை நம்பாமல் ஓட்டை உடைத்துப் பாருங்கள்.

டிஎம்வி 7 போன்ற 100, 105 நாள் கொத்து ரகமென்றால் 90ஆம் நாளிலிருந்து இரண்டு நாளுக்கொரு முறை, வயலின் வெவ்வேறு இடங்களில் ஐந்து செடிகளைப் பிடுங்கி, எல்லாக் காய்களையும் உடைக்க வேண்டும். ஓட்டின் உட்புறம் வெள்ளையாகப் பஞ்சுபோல இருந்தால் பிஞ்சு. அதே உட்புறம் காப்பித்தூள் நிறத்தில் கறுத்து, பருப்பின் தோல் இறுகி நிறம் ஏறியிருந்தால் முற்றல். நான்கில் மூன்று காய் அப்படி இருந்தால் தாமதிக்க வேண்டாம். கொத்து ரகங்களுக்கு விதையுறக்கம் மிகக் குறைவு. அந்த நேரத்தில் மழை பிடித்தால் காய் மண்ணுக்குள்ளேயே முளைக்கும். மண் இறுகிவிட்டாலோ விழுது அறுந்து காய் உள்ளேயே தங்கிவிடும். ஆகவே சிறு மழையின் ஈரத்திலோ, கிணறு இருந்தால் லேசாகத் தண்ணீர் விட்டோ பறிக்க வேண்டும்.

ஆறாம் படி: காயவைப்பது

பறித்த செடியைக் காய் மேலே தெரியும்படி கவிழ்த்துப் போட்டு, பிறகு ஆய்ந்து, தார்ப்பாயில் மெல்லிய பரப்பாகக் காயவையுங்கள். ஈரப்பதம் 8 சதவீத அளவுக்கு இறங்க வேண்டும். காயைக் குலுக்கினால் பருப்பு கலகலக்கும், தேய்த்தால் தோல் உரியும். விதைக்கு எடுத்து வைப்பதை உச்சி வெயிலில் போடாதீர்கள்.

மூட்டை கட்டுவதற்கு முன் முளைத்தது, ஓடு உடைந்தது, பச்சைப் பூசணம் பூத்தது எல்லாவற்றையும் பொறுக்கி அப்புறப்படுத்துங்கள். அந்தப் பூசணத்தின் அஃப்லாடாக்சின் நஞ்சு வறுத்தாலும் முழுமையாகப் போகாது. செக்கில் ஆட்டிய பின் பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் பசுவின் பாலிலும் வந்து சேரும்.