பெண்ணுக்கு என்ன கொடுத்தோம் என்பதோடு நின்றுவிடும் பேச்சு: சமத்துவத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"எங்க வீட்டுல பொண்ணு, பையன்னு பாகுபாடே பார்க்கறதில்லைங்க." தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இன்று பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. யாரும் பொய் சொல்லவில்லை, மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதே வீட்டில் அவள் என்ன படிப்பது, யாரைக் கட்டிக்கொள்வது, அவள் சம்பளம் எதற்குச் செலவாவது, நிலத்தில் அவளுக்குப் பங்கு உண்டா இல்லையா என்பதையெல்லாம் யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டால் பதில் தடுமாறும். பெண்ணுக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று கணக்கு வைத்திருக்கிறோம். முடிவெடுக்கும்போது அவளும் உட்கார்ந்திருந்தாளா என்று பார்க்க மறந்துவிடுகிறோம். இந்தப் பகுதியில் நடக்கும் தவறுகளில் பெரும்பாலானவை அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

பெண்ணியம் என்பது சென்னை, பெங்களூருப் பெண்களின் விஷயம் என்று ஒதுக்கிவிடுவது முதல் தவறு. அரூர் வட்டத்து வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத் தேடுதல் என்ற பெயரில் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்தப் பழங்குடி ஊருக்குள் புகுந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அவர்கள் வாய்மூடி இருக்கவில்லை, வழக்கைக் கைவிடவும் இல்லை. 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துபோயிருந்தார்கள், மீதி 215 பேரும் தண்டிக்கப்பட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அந்தத் தண்டனையை உறுதி செய்தது. அரசாங்கத்தின் மூன்று துறைகளை எதிர்த்து 31 ஆண்டுகள் நின்ற பெண்கள் நம் மாவட்டத்துக்காரர்கள். இவ்வளவு பெரிய போராட்டத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இது வெளியூர்ச் சரக்கு என்று சொல்வது அவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

அடுத்தது, பெண் குழந்தை விஷயத்தில். பெற்றவர்கள் வேண்டாம் என்று விடும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ள, சேலத்தில் 1992ல் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டத்தை 2001ல் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த ஆண்டுக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு 850 பெண் குழந்தைகள்கூட இங்கே இல்லை. 2011ல் அது 900ஐத் தாண்டியது. நல்ல மாற்றம்தான், சந்தேகமில்லை. ஆனால் எண்ணிக்கை ஏறியதும் மனசும் மாறிவிட்டது என்று நிம்மதி அடைவது தவறு. கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல, தூக்கிப் போகும் ஸ்கேன் கருவியோடு வீடு பிடித்து இயங்கிய கும்பல்கள் சமீப ஆண்டுகளிலும் இங்கே பிடிபட்டிருக்கின்றன. அப்படிப் பிடிபடும்போது "பெத்தவளே இப்படிப் பண்ணலாமா" என்று ஊர் பேசும். கருவின் பாலினம் பார்த்துச் சொல்வதைத் தடைசெய்யும் 1994ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப் பேசவில்லை. கணவனும் உறவினர்களும் கட்டாயப்படுத்தித்தான் அவள் போயிருப்பாள் என்றே அது முதலில் எடுத்துக்கொள்கிறது. அவள் அந்த முடிவை எடுக்கவில்லை என்பது சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

சாதியைத் தனியாகவும் பெண் உரிமையைத் தனியாகவும் பேசுவது இன்னொரு தவறு. 2012 நவம்பர் 7 அன்று நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி தலித் குடியிருப்புகள் சூறையாடி எரிக்கப்பட்டதற்குப் பின்னால் இருந்தது ஒரு சாதி மறுப்புத் திருமணம். ஒரு பெண் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்ததற்கு நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வீடு வாசலை இழந்தன. தன் மகள் விருப்பப்பட்ட இடத்தில் போய்விடுவாளோ என்ற பயம்தான், பத்தாவது முடிக்கும் முன்பே மாப்பிள்ளை பார்க்கவும் வைக்கிறது. அதற்குப் பாதுகாப்பு என்று பெயர் வேறு. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப்பக்கத்தில் மட்டும் நடப்பதாக நினைக்க வேண்டாம், சமவெளியிலும் நடக்கிறது. இப்படி ஒரு குழந்தைத் திருமணம் நடக்கப்போவது தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்குச் சொல்லலாம். நடந்து முடிந்துவிட்டதே என்றும் விட வேண்டியதில்லை. அந்தப் பெண் 18 வயது நிறைந்தபின் இரண்டு ஆண்டுகளுக்குள், அதாவது 20 வயது முடிவதற்குள், திருமணத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்க முடியும்.

வேலைக்குப் போனாலே விடுதலை வந்துவிட்டது என்று நினைப்பதும் சரியில்லை. போச்சம்பள்ளி மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021ல் அறிவிப்பு வந்தபோது மகிழாதவர்கள் குறைவு. ஓசூர்ப் பக்கம் ஷிப்ட் பஸ்ஸில் போகும் பெண்களைப் பார்த்தால் எனக்கு இப்போதும் மகிழ்ச்சிதான். ஆனால் ஏடிஎம் கார்டு யாரிடம் இருக்கிறது? நைட் ஷிப்ட் முடித்து வந்தவள் தூங்குகிறாளா, இல்லை அடுப்பில் நிற்கிறாளா? வேலையிடத்தில் ஒருவன் தொல்லை கொடுத்தால், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் "வேலையை விட்டுட்டு வந்துடு" என்று சொல்லும் வீடுகள் தப்புச் செய்தவனை அங்கேயே விட்டுவிட்டு மகளைத் தண்டிக்கின்றன. தக்காளித் தோட்டத்திலும் பூந்தோட்டத்திலும் ஆண் கூலி ஒன்று, பெண் கூலி ஒன்று என்று இருப்பதை வழக்கம் என்று விட்டுவிடுவதும் இதே வகைதான். ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976லேயே சட்டம் வந்துவிட்டது.

மகளிர் குழுவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் அரசு ஆதரவோடு மகளிர் சுய உதவிக் குழுக்கள் தொடங்கியதே 1989ல், தருமபுரியில்தான். பேங்க் வாசலை மிதித்திராத பெண்களைக் கையெழுத்துப் போட வைத்த இயக்கம் அது. இப்போது பல வீடுகளில் கடன் அவள் பெயரில், செலவு அவன் கையில், வாராவாரம் தவணைக்கு அலைவது மறுபடி அவள். ஊராட்சியில் ஜெயித்த பெண்ணின் நாற்காலியில் கணவர் உட்காருவதும் அப்படித்தான். அவரைத் "தலைவரே" என்று கூப்பிடுவதை ஊர்க்காரர்கள் நிறுத்தினாலே போதும், பாதி சரியாகும்.

இதையெல்லாம் பேசினால் ஆண்களுக்கு எதிராகப் பேசுவதாக நினைப்பது எளிதான தவறு. அதற்கு நீளமாகப் பதில் தேவையில்லை. மகன் தன் தட்டைத் தானே கழுவப் பழகினால் அவனுக்கு ஒரு குறையும் வந்துவிடாது.

கடைசியாக, அதிகம் பேர் செய்யும் தவறு, நிலம். அப்பா இறந்து சில மாதங்களில் அண்ணன் தங்கையை ரிஜிஸ்டர் ஆபீசுக்குக் கூப்பிடுகிறான். "சும்மா ஒரு கையெழுத்துதாம்மா, பட்டா மாத்தணும்." அது பெரும்பாலும் விடுதலைப் பத்திரம், தன் பங்கை விட்டுக்கொடுக்கும் ஆவணம். "நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பிட்டோமே, இன்னும் என்ன பங்கு" என்பது இங்கே எழுதாத சட்டம். உண்மையான சட்டத்தில் சீருக்கும் பங்குக்கும் தொடர்பே இல்லை.

தமிழ்நாட்டில் இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் 1989 மார்ச் 25 முதலே மகளுக்கு மகனைப்போல உரிமை உண்டு. ஆனால் அதற்கு முன் கல்யாணம் ஆனவர்களை அது விட்டுவிட்டது. 2005 செப்டம்பர் 9 அன்று நடைமுறைக்கு வந்த மத்திய அரசின் திருத்தம் அந்த வேறுபாட்டை வைக்கவில்லை. அன்று அப்பா உயிரோடு இருந்தாரா என்பதும் முக்கியமில்லை, உரிமை பிறப்பால் வருவது என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவான அல்லது நீதிமன்றத் தீர்ப்பால் ஆன பாகப்பிரிவினைகளும், அதற்கு முன் நடந்த விற்பனை போன்ற கைமாற்றங்களும் அப்படியே நிற்கும். அப்பா தானே சம்பாதித்த சொத்தை உயில் எழுதி யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் போனால் மனைவி, மகன், மகள், உயிரோடு இருந்தால் அவருடைய அம்மா எல்லோருக்கும் சம பங்கு. பட்டாவில் அண்ணன் பெயர் மட்டும் இருப்பதால் அவள் உரிமை போய்விடாது. வாரிசுச் சான்றில் அவள் பெயரை விட்டிருந்தால் தாசில்தாரிடம் உடனே ஆட்சேபம் கொடுக்க வேண்டும்.

அண்ணன் உறவு கெட்டுவிடும் என்ற பயத்தில் கையெழுத்துப் போடும் பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். தாய்வீடு என்பது அவர்களுக்கு நிலத்தைவிடப் பெரியது. ஆனால் அந்த உறவைக் காப்பாற்றும் பொறுப்பு ஏன் தங்கைக்கு மட்டும் என்று அண்ணன்கள் யோசிக்க வேண்டும். விட்டுக்கொடுக்க விருப்பம் என்றால் கொடுக்கட்டும். எதை, எவ்வளவு என்று தெரிந்து கொடுக்கட்டும்.

ஏமாற்றிக் கையெழுத்து வாங்கியிருந்தால், அது தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பத்திரத்தை ரத்து செய்ய வழக்குப் போட வேண்டும். வக்கீலுக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். பெண் என்றாலே, வருமானம் எவ்வளவு இருந்தாலும், இலவசச் சட்ட உதவி உண்டு. தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நீதிமன்ற வளாகத்திலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுக்கலாம், 15100க்கும் பேசலாம். வீட்டில் அடி, மிரட்டல் என்றால் பெண்கள் உதவி எண் 181. சட்ட உதவி கேட்டுப் போகும்போது மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, அப்பாவின் இறப்புச் சான்று என்று கையில் கிடைப்பதன் நகல்களை எடுத்துக்கொண்டு போங்கள். எதுவும் கிடைக்கவில்லை என்றால் சர்வே எண்ணை மட்டும் குறித்துக்கொண்டு போங்கள், மீதியை அங்கிருந்தே எடுக்கலாம்.