மகளின் அடிவயிற்று வலிக்குக் காரணம் தேடும்போது
"ஸ்கேன் நார்மல்தானே, அப்புறம் என்ன வலி?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்வதையே நான் விட்டுவிட்டேன். எண்டோமெட்ரியோசிஸ், அதாவது கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே திட்டுத்திட்டாக வளரும் நோய், பல நேரம் ஸ்கேனில் தெரியாது. பதின்வயதில் அந்தத் திட்டுகள் நிறமில்லாமலோ சிவப்பாகவோ இருக்கக்கூடும். வயிற்றில் சிறு துளையிட்டு கேமரா விட்டுப் பார்க்கும் லேப்ராஸ்கோப்பியிலும் அதைக் கண்டுபிடிக்கப் பழகிய கண் வேண்டும்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். மாதவிடாய் தேதி மட்டும் போதாது. வலி எந்த இடத்தில், சிறுநீர் போகும்போது கூடுகிறதா, மலம் கழித்தபின் குறைகிறதா, எந்த மாத்திரைக்குக் கேட்டது, எல்லாம் வேண்டும். அவளே எழுதட்டும். என் மகள் எழுதியது: "வலது பக்கம், ஒரு விரல் வைக்கிற இடம், எழுந்து உட்கார்ந்தா குத்துது." அதைப் படித்த டாக்டர் அவளை மல்லாக்கப் படுக்கவைத்து, அந்த இடத்தை விரலால் அழுத்தியபடியே தலையைத் தூக்கச் சொன்னார். வலி கூடியது. அப்படிக் கூடினால் வயிற்றுச் சுவரின் தசையிலோ நரம்பிலோ கோளாறு இருக்கலாம். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம், ஆனால் கேட்காமல் யாரும் செய்வதில்லை!

கர்ப்பப்பையோடு தேடலை நிறுத்தாதீர்கள். மலச்சிக்கல், குடல், சிறுநீர்ப்பை, இடுப்புத்தளத் தசை (சிறுநீர்ப்பை, கர்ப்பப்பையைக் கீழிருந்து தாங்கும் தசை) இறுக்கம் எல்லாவற்றையும் கேளுங்கள். இரண்டு மூன்று காரணங்கள் சேர்ந்தும் இருக்கும். இன்னும் வயதுக்கு வராத பெண்ணுக்கு மாதாமாதம் வலி வந்தால், மாதவிடாய் ரத்தம் வெளியேறும் வழியில் பிறவி அடைப்பு உண்டா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

டாக்டரிடம் அவள் தனியாகப் பேச நேரம் கொடுங்கள். வெளியே உட்காருவது எனக்குப் பிடிக்கவில்லைதான்.

திடீரென ஒரு பக்கம் தாங்கமுடியாத வலியும் வாந்தியும் வந்தால் நோட்டெல்லாம் பிறகு. சூலகம் முறுக்கிக்கொண்டிருக்கலாம், உடனே அவசர சிகிச்சைக்குக் கொண்டு போங்கள்.