பழைய கறுப்புத் தையல் மெசினை வீட்டிலேயே ஓட வைப்பது

பழைய இரும்பு எடுக்கிறவர் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தால் முதலில் கண் போவது விறாந்தையில் நிற்கிற மெசினில்தான். "ஓடாததுதானே அக்கா, நிறுத்துத் தாங்கோ" என்பார். தலை மட்டுமே பத்துக் கிலோவுக்கு மேல் வரும் வார்ப்பிரும்பு, அவருக்கு ஆசை வராமல் இருக்குமா. ஆனால் வன்னியில் ஓடாமல் மூலையில் கிடக்கிற இந்தக் கறுப்பு மெசின்களில் முக்கால்வாசி பழுதானவை அல்ல, பிசின் பிடித்தவை. எங்களுடையதும் அப்படித்தான். அம்மம்மாவின் சிங்கர், கால் மெசின். 2009 இல் விசுவமடுவில் விட்டுவிட்டுப் போனது, திரும்பி வந்தபோது மேசைப் பலகை இல்லை, தலையும் இரும்புக் காலும் கிணற்றடியில் தனித்தனியாகக் கிடந்தன. ஊசியும் பெல்ட்டும் தவிர வேறு ஒன்றும் வாங்காமல் அதை ஓட வைத்தேன்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ஸ்குரூ டிரைவரைக் கீழே வையுங்கள். இந்த மெசின்களைக் கெடுத்தது போரோ மழையோ அல்ல, ஆர்வக்கோளாறில் கழற்றியவர்கள்தான்.

சில்லு சுற்றவில்லை என்றால் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத் தலையின் சில்லைக் கையால் உங்கள் பக்கமாகச் சுற்றிப் பாருங்கள். இலகுவாகச் சுற்றினால் பிழை காலில், அதாவது மிதியிலோ பெரிய சில்லிலோ இருக்கிறது. தலையே இறுகிக் கிடந்தால் பிசின், அல்லது அடியில் சுற்றி நூலைப் பிடிக்கிற கொக்கியில் சிக்கின நூல்த்துண்டு. பிசின் எங்கிருந்து வந்தது என்றால், தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மெசின் எண்ணெய் எங்கே கிடைத்தது? அம்மம்மா தேங்காயெண்ணெய்தான் விட்டார். அன்றைக்கு மெசின் வழுக்கிக்கொண்டு ஓடியது, சமையல் எண்ணெய் எதுவானாலும் காற்றுப்பட்டு நாட்செல்ல அரக்கு மாதிரி ஒட்டிக்கொள்ளும், அதன் மேல் கிரவல் ரோட்டுச் செம்புழுதியும் சூடடிக்கிற காலத்துத் தூசும் படிந்தால் சீமெந்துதான்.

இதற்கு மருந்து மண்ணெண்ணெய். தலையைச் சாய்த்து அடியில் ஒரு பழைய தட்டை வையுங்கள். மேலே, பின்னால், அடியில் என்று சின்னச் சின்ன எண்ணெய்த் துளைகள் இருக்கும்; சிலதை மண்குளவி கூடு கட்டி அடைத்திருக்கும், அதை ஒரு பழைய ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். எங்களுடையதில் ஐந்து துளை அப்படி அடைபட்டிருந்தது. ஒவ்வொரு துளையிலும், இரும்பில் இரும்பு உரசுகிற ஒவ்வொரு இடத்திலும் மண்ணெண்ணெய் துளித்துளியாக விட்டு, ஒரு இரவு அப்படியே விடுங்கள். அடுத்த நாள் காலையில் முற்றத்து வெயிலில் ஒரு மணித்தியாலம் வைத்தால் பிசின் இளகும், வன்னி வெயிலால் இப்படியும் ஒரு பிரயோசனம். பிறகு சில்லைப் பலமாக முறுக்காமல் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்கள். ஒரு விரல் அகலம் அசைந்தாலே வெற்றி, மீண்டும் விட்டு மீண்டும் ஆட்டுங்கள். எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அடுப்புக்கும் விளக்குக்கும் பக்கத்தில் இந்த வேலை வேண்டாம்.

கறுப்பு நீராக வடிந்து முடிந்ததும் துணியால் துடைத்துவிட்டுக் கட்டாயம் மெசின் எண்ணெய் விட வேண்டும். மண்ணெண்ணெய் கழுவும், ஆனால் வழுவழுப்புத் தராது, அதோடு ஓடவிட்டால் இரும்பு தேயும். தண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்கிற தையல் மெசின் எண்ணெய்தான் சரி. ட்ரக்டருக்கு விடுகிற எண்ணெய் தடிப்பு, வேண்டாம். ஒரு துளைக்கு ஒரு துளி போதும். உடம்பில் இருக்கிற தங்கநிறப் பூவை மட்டும் மண்ணெண்ணெயால் தேய்க்காதீர்கள், ஸ்பிரிட்டும் தின்னரும் கிட்டவே வரக்கூடாது; அந்தப் பழைய மினுக்கத்தை ஸ்பிரிட் கரைத்துவிடும், பூவும் வெளிறிப் போகும். மெசின் எண்ணெய் தொட்ட மெல்லிய துணி போதும்.

சில்லு சுற்றுகிறது, ஊசி அசையவில்லையா? பயப்பட வேண்டாம். பொபினில் (கீழ் நூலுக்கான சின்ன உருளை) நூல் சுற்றுவதற்காகச் சில்லின் நடுவில் இருக்கிற உருண்டைப் பிடியைத் தளர்த்தியிருப்பார்கள், இறுக்கினால் சரி. இறுக்கியும் பிடிக்கவில்லை என்றால் யாரோ அதைக் கழற்றி, உள்ளே இருக்கிற காதுள்ள வளையத்தை மாறிப் போட்டிருக்கிறார்கள். அதை எடுத்து அரைவட்டம் திருப்பிப் போட்டுப் பாருங்கள்.

இனி ஊசி. தையல் விட்டு விட்டுப் போகிறது, நூல் அறுகிறது, துணியில் டொக் டொக் என்று சத்தம் வருகிறது, எல்லாவற்றுக்கும் முதல் சந்தேகம் ஊசியில்தான். நான் ஒருமுறை டவுனுக்குத் தலையைத் தூக்கிக்கொண்டு போக, ஒரு திருத்துகிறவர் "டைமிங் போட்டுது, ஒரு கிழமை விட்டுட்டுப் போங்கோ" என்றார். விட்டுவிட்டு வர மனமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து புது ஊசி போட்டேன், தைத்தது. இந்த மெசின்களில் டைமிங், அதாவது ஊசியும் கொக்கியும் ஒத்து ஓடுகிற ஒழுங்கு, தானாகப் போவது குறைவு. வட்டப் பொபின் போடுகிற வீட்டுச் சிங்கர் பெரும்பாலானவற்றுக்கும் கடையில் கிடைக்கிற சாதாரண எச்.ஏ.எக்ஸ் 1 ஊசிதான், சட்டைத் துணிக்கு 14 ஆம் இலக்கம், சாரம், தடித்த துணிக்கு 16. ஊசியின் ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் நீளப் பள்ளம். எந்தப் பக்கத்திலிருந்து நூல் ஊசிக்குள் போகிறதோ அந்தப் பக்கம் நீளப் பள்ளம் நிற்க வேண்டும். ஊசிக்கு மேலே கடைசியாக நூலைப் பிடிக்கிற கொளுக்கி எந்தப் பக்கம் என்று பார்த்தால் தெரிந்துவிடும். மேலே முட்டும் வரை தள்ளிப் பூட்டுங்கள், அரை மில்லிமீட்டர் இறங்கி நின்றாலும் தையல் விடும்.

அடுத்தது எல்லாரும் தலையைப் பிய்த்துக்கொள்கிற நூல் இறுக்கம். துணியின் அடியில் நூல் பந்து பந்தாகச் சுருண்டால் பொபினைத் திட்டாதீர்கள், பிழை மேல் நூலில். துணியை அமத்துகிற பாதத்தை மேலே தூக்கிவிட்டுத்தான் நூல் கோர்க்க வேண்டும், அப்போதுதான் மேல் நூலை இறுக்கிப் பிடிக்கிற இரண்டு வட்டத் தகடுகளும் விலகி நூல் உள்ளே இறங்கும். தைக்கும்போது பாதம் கீழே இருக்க வேண்டும், இதை மறந்துவிட்டு ஒரு மணித்தியாலம் தேடியவள் நானே. தகடுகளுக்கு இடையில் பஞ்சு அடைந்திருந்தாலும் பிடிக்காது, மடித்த மெல்லிய துணியை நூல் மாதிரி இழுத்து எடுங்கள். பிறகு மேலுக்குச் சிவப்பு, கீழுக்கு வெள்ளை நூல் போட்டு ஒரு கழிவுத் துணியில் தைத்துப் பாருங்கள். மேல்பக்கத்தில் வெள்ளை எட்டிப் பார்த்தால் மேல் இறுக்கம் கூட, கீழே சிவப்பு வளைந்து நின்றால் குறைவு. பொபின் கேஸில் இருக்கிற குட்டி ஆணியைக் கடைசியாகத்தான் தொட வேண்டும், அதுவும் கால் சுற்றுக்கு மேல் திருப்பாமல். கேஸை நூலில் தூக்கிப் பிடித்தால் தானாக விழக்கூடாது, மெல்ல உதறினால் இரண்டு மூன்று விரல் இறங்கி நிற்க வேண்டும். அதுதான் அளவு.

பொபின் வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். சிங்கர் 15 மொடலின் பொபினும் 66 மொடலின் பொபினும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், ஒன்றுக்கு மற்றது பொருந்தாது. 15 இனதின் பக்கங்கள் தட்டை, 66 இனது கொஞ்சம் வளைவு. ஓடம் மாதிரி நீளக் கூட்டுக்குள் ஒல்லியான நீளப் பொபின் போகிற இன்னும் பழைய மெசினும் சில வீடுகளில் இருக்கிறது, அதற்குப் பொபின் கிடைப்பதே கஷ்டம், இருப்பதைத் தொலைக்காதீர்கள். தலையின் அடித்தளத்தில் வலப்பக்கத் தகட்டில் எழுத்தோடு ஒரு இலக்கம் இருக்கும், அதைக் கொண்டு எந்த ஆலை, எந்த ஆண்டு என்று கண்டுபிடிக்கலாம். ஸ்கொட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற இடத்து ஆலை 1980 இல் மூடப்பட்டுவிட்டது, அங்கே வார்த்த இரும்பு இன்னும் எங்கள் வீடுகளில் பள்ளிக்கூடச் சட்டை தைக்கிறது.

துணி நகராமல் ஒரே இடத்தில் தைத்தால், ஊசிக்குக் கீழே உள்ள தட்டின் இரண்டு ஆணிகளையும் கழற்றிப் பாருங்கள் (இதற்கு மட்டும் ஸ்குரூ டிரைவரை எடுக்கலாம்). பல்லுகளுக்கு இடையில் பஞ்சு கம்பளம் மாதிரி அமுங்கிக் கிடக்கும். ஊசியால் கிளறி எடுங்கள், வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் கறளாகும். கொக்கியில் நூல் சிக்கினாலும் அங்கேயே ஒரு துளி மண்ணெண்ணெய் விட்டுச் சில்லை முன்பின் ஆட்டினால் துண்டு வெளியே வரும். தட்டின் ஊசி ஓட்டையில் ஊசி முட்டிப் பிசிறு எழும்பியிருந்தால் அதுவும் நூலை அறுக்கும், மிக மெல்லிய எமரி பேப்பரைச் சுருட்டி மெதுவாகத் தேய்த்தால் போதும்.

தோல் பெல்ட் மாரியில் தளரும். அரை அங்குலம் வெட்டி, ஆணியால் துளையிட்டு, அதே கம்பிக் கொக்கியால் பூட்டுங்கள். வழுக்காமல் இழுக்கிற அளவுக்குத்தான் இறுக்கம் வேண்டும், அதற்கு மேல் இறுக்கினால் மிதிக்கக் கால் நோகும். கீச்சுச் சத்தம் வந்தால் மிதியின் இரண்டு முனைகளிலும், மிதியையும் பெரிய சில்லையும் இணைக்கிற தண்டின் மேலும் கீழும், பெரிய சில்லின் நடுவிலும் ஒவ்வொரு துளி. மிதிக்கத் தொடங்கும்போது சில்லைக் கையால் உங்கள் பக்கம் சுற்றிவிடுங்கள், மறுபக்கம் ஓடினால் நூல் அறுகும்.

கார்த்திகை, மார்கழியில்தான் கறள் பிடிக்கும், தகரக் கொட்டில் என்றால் இன்னும் மோசம். மெசினை மூடக் கையில் கிடைத்த யூரியாப் பையைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், தயவு செய்து வேண்டாம். பையில் ஒட்டிய உரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். பழைய பருத்திச் சேலை போதும். மூடுவதற்கு முன் எண்ணெய் விட்டு, பாதத்தின் கீழ் ஒரு துண்டுத் துணியை வைத்துப் பாதத்தை இறக்கிவிடுங்கள். வடிகிற எண்ணெயை அது குடிக்கும். அடுத்த முறை முதல் பத்துத் தையலை அந்தத் துண்டிலேயே போட்டுவிட்டு, பிறகு நல்ல துணியை வையுங்கள்.