குழுவில் சதிக்கதை வந்தால்: நிர்வாகிகளுக்கு ஒரு வழிகாட்டி

பங்காளிகள் குழு, கோயில் திருப்பணிக் குழு, விசைத்தறி உரிமையாளர் குழு, பள்ளித் தோழர் குழு என்று சோமனூரிலிருந்து நாமக்கல் வரை ஒவ்வொருவர் கைப்பேசியிலும் நான்கைந்து வாட்ஸாப் குழுக்களாவது இருக்கின்றன. அவற்றுள் ஒன்றையேனும் நிர்வகிப்பவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. "ரேஷன் அரிசியில் பிளாஸ்டிக் கலக்கிறார்கள், அதிகாரிகள் மறைக்கிறார்கள்" என்னும் காணொளியைக் குடும்பத்தில் எல்லோரும் மதிக்கும் பெரியப்பா ஒருவர் காலையில் குழுவில் போடும்போது, நிர்வாகியின் முன் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நாலும் தெரிந்த இவர் ஏன் இதை நம்புகிறார்? இதை நீக்கிவிடலாமா? முதல் கேள்விக்கு விடை காணாமல் இரண்டாவதற்குத் தாவுவதால்தான் பெரும்பாலான குழுக்களில் மனக்கசப்பு மூள்கிறது. சதிக்கதையோ யாரும் தொடாமல் அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறது.

முதலில் வகை பிரியுங்கள்

வதந்தி வேறு, சதிக்கதை வேறு. 2020 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் கோழிக்கறி தின்றால் கொரோனா வரும் என்று பரவியது வதந்தி. பல்லடம் கறிக்கோழிப் பண்ணைகளும் நாமக்கல் முட்டைப் பண்ணைகளும் விலைச்சரிவில் தவித்தன. ஆனாலும் அதைச் சரிபார்க்க வழி இருந்தது, நாளடைவில் அது அடங்கியது. சதிக்கதையின் அமைப்பு அப்படிப்பட்டதன்று. வல்லமை படைத்த சிலர் மறைவில் கூடித் திட்டமிட்டார்கள் என்பதே அதன் உயிர்நாடி. சான்று கிடைக்காவிட்டால் "மறைத்துவிட்டார்கள்" என்றும், மறுப்பு வந்தால் "அவர்களும் உடந்தை" என்றும் அது சொல்லும். எந்தச் சான்று வந்தால் இதைக் கைவிடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். விடை சொல்ல முடிகிற ஐயம் நேர்மையான ஐயம். அதற்கு மரியாதை கொடுத்தே தீரவேண்டும்.

ஏனென்றால் மறைவான தவறுகள் உண்மையிலேயே நடந்திருக்கின்றன. அமெரிக்காவின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை கறுப்பின ஆண்களுக்கு மேகநோய் (சிபிலிஸ்) சிகிச்சையைத் தராமலேயே அரசு மருத்துவர்கள் நோயின் போக்கை ஆராய்ந்தார்கள். 2015இல் வோக்ஸ்வாகன் நிறுவனம் புகைச் சோதனையை ஏமாற்றும் மென்பொருளை டீசல் கார்களில் வைத்திருந்தது வெளிப்பட்டது. அவ்வளவு தொலைவுகூடப் போக வேண்டியதில்லை, நொய்யல் கரையில் நின்று பார்த்தாலே போதும். சாயக்கழிவு பல ஆண்டுகள் ஆற்றில் கலந்து ஒரத்துப்பாளையம் அணை வரை பாழான பிறகு, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூரின் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. நச்சுநீர் பாய்ந்த நிலத்தின் உழவரிடம் "அரசு எல்லாவற்றையும் கண்காணிக்கிறது, கவலைப்படாதீர்கள்" என்று சொன்னால் அவர் சிரிக்கத்தான் செய்வார். 2012இல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி வளர்ப்பில் பணத்தைப் போட்டு இழந்த குடும்பங்களுக்கும், நாளிதழ் விளம்பரத்தையும் நட்சத்திர முகங்களையும் ஏன் நம்பக்கூடாது என்று புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நம்புவதற்கான காரணங்கள்

இந்தப் பின்னணியோடு பார்த்தால் ஆராய்ச்சியாளர் சொல்வது எளிதில் விளங்கும். இங்கிலாந்தின் கென்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேரன் டக்ளசும் அவருடைய குழுவினரும் 2017இல் மூன்று தேவைகளைக் குறிப்பிட்டார்கள்: நடப்பதைப் புரிந்துகொள்ளும் தேவை, பாதுகாப்பாக உணரும் தேவை, தன்னையும் தன் கூட்டத்தையும் உயர்வாக எண்ணும் தேவை. நூல் விலை ஏறி ஆர்டர் குறைந்து, தறி ஓடாமல் நிற்கும் மாதத்தில் மனிதனின் கையில் எதுவும் இல்லை. தன் கட்டுப்பாட்டை இழந்ததாக உணரவைக்கப்பட்டவர்கள் வெறும் புள்ளிக் குப்பையிலும் உருவங்களைக் கண்டார்கள் என்று விட்சன், கலின்ஸ்கி இருவரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. பஞ்சுச் சந்தையின் சிக்கலான ஏற்ற இறக்கத்தைக் காட்டிலும் "யாரோ நான்கு பேர் உட்கார்ந்து முடிவு செய்கிறார்கள்" என்பது மனத்துக்குப் பிடி கொடுக்கிறது. அந்த நான்கு பேரை மாற்றிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

மூன்றாவது தேவையைத்தான் பலரும் கவனிப்பதில்லை. பிள்ளைகள் கோவையிலும் பெங்களூரிலும் வேலைக்குப் போய்விட, வீட்டில் தம் சொல்லுக்கு முன்பிருந்த எடை குறைந்துவிட்டதை உணரும் முதியவருக்கு, "இது யாருக்கும் தெரியாத செய்தி" என்று குழுவில் முதலில் போடுவது ஒரு மதிப்பைத் தருகிறது. குடும்பத்தை எச்சரிக்கும் கடமையைச் செய்ததாகவும் அவர் மனநிறைவு கொள்கிறார். அப்படிப்பட்டவரைப் பேரன் பேத்திகள் முன்னிலையில் சிரிப்புப் பொம்மை போட்டு மடக்கினால் அவர் விடப்போவது அந்தக் கதையையா, அந்தக் குழுவையா என்று எண்ணிப் பாருங்கள்.

மீண்டும் மீண்டும் கேட்டது மெய்போலத் தோன்றும் என்பது 1977 முதல் ஆய்வுகளால் உறுதிப்பட்டு வருகிறது. மூன்று குழுக்களில் ஒரே காணொளி வந்தால் மூன்று பேர் உறுதி செய்ததாகவே மனம் கணக்கிடும். 2012இல் வெளியான மற்றோர் ஆய்வின் முடிவு விந்தையானது. இளவரசி டயானா கொல்லப்பட்டார் என்பதை நம்ப அதிகம் முற்பட்டவர்களே, அவர் இறந்ததாக நடித்துவிட்டு எங்கோ உயிரோடிருக்கிறார் என்பதையும் நம்ப அதிகம் முற்பட்டார்கள். முரண்பட்ட இரண்டையும் ஒட்டி நிறுத்தியது "அறிவிக்கப்பட்டது பொய்" என்ற அடிப்படை எண்ணம். எனவே ஒரு கதையை உடைத்தால் இன்னொன்று முளைக்கலாம். அதற்காக மனம் தளர வேண்டாம்.

பேசும் முறை

குழுவில் பதில் எழுதுவதற்கு முன் தனியாக அழைத்துப் பேசுங்கள். தட்டச்சு செய்வதைவிடக் குரலில் பேசுவது நல்லது. நேரில் போய் ஒரு காபி குடித்துக்கொண்டே பேச முடிந்தால் அதைவிட நல்லது. கேள்வியிலிருந்து தொடங்குங்கள்:

"ஏனுங் பெரீப்பா, நீங்க போட்ட வீடியோவப் பாத்தனுங். அது எந்தூர்ல எடுத்ததுங்? நம்மூட்டு அரிசிய ஊற வெச்சுப் பாத்தீங்களா?"

"பாத்தேன் கண்ணு. நாலஞ்சு அரிசி மெதக்குது. தனியா மஞ்சளா இருக்குது."

"மெதக்கறது நெசந்தானுங். அது என்னன்னு நாம ரெண்டு பேருமே பாத்துரலாமுங்."

இந்த "நெசந்தானுங்" என்ற இடம்தான் உரையாடலின் திருப்பம். அவர் கண்ணால் கண்டதை நீங்கள் மறுக்கவில்லை. அடுத்து விளக்கத்துக்கு வரலாம். நியாயவிலைக் கடையில் தரப்பட்டு வந்த செறிவூட்டப்பட்ட (சத்துச் சேர்த்த) அரிசியில் நூறு பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் சிறப்பு மணிகள் கலக்கப்பட்டன. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றைச் சேர்த்து, இயந்திரத்தில் பிழிந்து அரிசி வடிவில் செய்யப்படுபவை அவை. அதனால் நிறத்தில் சற்று மாறுபடும், சில நீரில் மிதக்கும். மிதக்கும் மணிகளைத் தனியே எடுத்து நன்றாக ஊறவைத்து நசுக்கிப் பாருங்கள், மாவாகும். பள்ளி ஆய்வகத்திலுள்ள அயோடின் கரைசலை ஒரு சொட்டு விட்டால் கருநீலமாக மாறும், ஏனெனில் அது மாவுச்சத்து. பிளாஸ்டிக் அப்படி மாறாது. சோதித்த மணிகளைக் கொட்டிவிட வேண்டும் என்பதை மட்டும் வீட்டில் சொல்லி வையுங்கள்.

அதோடு நிறுத்திவிடாமல் உண்மையான கேள்வியையும் ஒப்புக்கொள்ளுங்கள். தலசீமியா போன்ற இரத்தக் கோளாறு உள்ளவர்கள் கூடுதல் இரும்புச்சத்தை மருத்துவரைக் கேட்டே எடுக்கவேண்டும் என்ற விவாதம் இருந்தது. அதற்கான எச்சரிக்கை வாசகம் பைகளில் அச்சிடப்பட்டும் வந்தது. என்ன கலந்திருக்கிறது, ஏன் கலந்திருக்கிறது என்று கடை வாசலில் தெளிவான தமிழில் ஒரு பலகை வைத்திருந்தால் அந்தக் காணொளிகளில் பாதி எடுக்கப்பட்டே இருக்காது என்பது என் எண்ணம். சொல்லாமல் விட்ட இடத்தில்தான் சதிக்கதை குடியேறுகிறது.

சான்று காட்டினால் நம்பிக்கை இன்னும் இறுகும் என்றொரு கருத்து 2010க்குப் பின் பரவலாக இருந்தது. பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அது பெரும்பாலும் நிற்கவில்லை. 2024இல் சயன்ஸ் இதழில் கோஸ்டெல்லோ, பென்னிகுக், ராண்ட் ஆகியோர் வெளியிட்ட ஆய்வில், சதிக்கதையை நம்பியவர்கள் செயற்கை நுண்ணறிவு உரையாடியுடன் பேசினார்கள். அது அவரவர் முன்வைத்த காரணத்துக்கே நேரடியாக விடையளித்தது. நம்பிக்கை சராசரியாக ஐந்தில் ஒரு பங்கு குறைந்து, இரண்டு மாதம் கழித்தும் அப்படியே இருந்தது. பொதுவான அறிவுரையால் பயனில்லை, அவர் சொன்ன அந்தக் காரணத்துக்கே பதில் வேண்டும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். ஐந்தில் ஒரு பங்குதான் என்பதையும் மறக்க வேண்டாம். ஒரே நாளில் ஒருவர் மனம் மாறியதாகச் சொல்பவரை நான் சற்று ஐயத்தோடுதான் பார்க்கிறேன்.

எதைத் தடுப்பது, எதை விடுவது

நீக்கிவிடலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு நம் ஊரிலேயே நடந்த ஒன்று தெளிவான அளவுகோலைத் தருகிறது. 2023 மார்ச்சில், ஹோலிப் பண்டிகையை ஒட்டிய நாட்களில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகிறார்கள் என்று காணொளிகள் பரவின. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்தவர்களின் குடும்பங்கள் ஊரிலிருந்து அழைத்துக் கதறின; பலர் ரயில் ஏறினார்கள். அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு இரண்டு காணொளிகளைக் குறிப்பிட்டு விளக்கினார்: ஒன்று திருப்பூரில் பீகார் தொழிலாளர்களின் இரு தரப்பினர் தமக்குள் மோதிக்கொண்டது, மற்றொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது. பீகார் அரசு அனுப்பிய குழுவும் நேரில் வந்து பார்த்தது. இங்கே ஒவ்வொரு மணிநேரத் தாமதமும் பயத்தைக் கூட்டுவதாக இருந்தது. ஒரு கூட்டத்தைப் பெயர் சொல்லிக் காட்டி, உடனே எதையேனும் செய்யத் தூண்டும் செய்தியை எந்தத் தயக்கமும் இல்லாமல் நீக்கலாம், நீக்கியே ஆகவேண்டும். 2018இல் குழந்தை கடத்தல் வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டி அடித்துக் கொல்லப்பட்டதை நினைத்தால் இதில் வாதமே இல்லை.

மற்றவற்றில் எனக்குத் தடையின்மேல் நம்பிக்கை குறைவு, வேகத்தைக் குறைப்பதில் நம்பிக்கை அதிகம். ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒரு செய்தியை அனுப்ப முடியாதபடி 2018இல் இந்தியாவில் வாட்ஸாப் கட்டுப்படுத்தியது. பலமுறை கைமாறிய செய்தியை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கே அனுப்பலாம் என்று 2020 ஏப்ரலில் மாற்றியபோது அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 விழுக்காடு குறைந்ததாக அந்நிறுவனம் தெரிவித்தது. இதில் யாருடைய வாயும் அடைக்கப்படவில்லை. அதற்கு மாறாக, எது பொய் என்று அரசே முடிவு செய்யும் ஏற்பாடுகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. இணையப் பேச்சைத் தண்டித்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. ஒன்றிய அரசைப் பற்றிய செய்திகளில் எது பொய் என்று அரசின் சரிபார்ப்புப் பிரிவே தீர்மானிக்க வழி செய்த விதியை 2024 செப்டம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. சாயக்கழிவைப் பற்றி முதலில் பேசியவர்களையும் அப்படியொரு பிரிவு "வதந்தி" என்று ஒதுக்கியிருக்கக் கூடும் என்பதை நொய்யல் பாசனத்தார் எளிதில் உணர்வார்கள்.

அரசை, கட்சியை, நிறுவனத்தை ஐயுறும் கதைகளை ஆகவே விட்டுவிட்டு, கீழே விளக்கத்தைப் போடுங்கள். தடுப்பூசி, மருந்து, உணவு பற்றியவற்றை விளக்கம் போட்டபின் நீக்குங்கள். 2017இல் தட்டம்மை ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டில் தொடங்கியபோது வாட்ஸாப் செய்திகளுக்குப் பயந்து பெற்றோர் பலர் பின்வாங்கியதை ஆசிரியர்கள் மறந்திருக்க மாட்டார்கள். உறுப்பினர் போட்டதற்கெல்லாம் நிர்வாகி தண்டனைக்கு உள்ளாவதில்லை என்று மும்பை, கேரள உயர் நீதிமன்றங்கள் 2021, 2022ஆம் ஆண்டுகளில் கூறியிருக்கின்றன. ஆனால் கையால் அனுப்பியவர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஆமோதிப்பதற்குச் சமம் என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. பொது அமைதியைக் குலைக்கும் பொய்ச் செய்திக்கு, இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 353ஆவது பிரிவு மூன்றாண்டு வரை சிறை வைத்திருக்கிறது.

நீக்கியபின் "நீக்கிவிட்டேன்" என்று மட்டும் எழுதாமல் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். போட்டவர் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை. மறுப்புக்காகக்கூட அந்தக் காணொளியை மீண்டும் அனுப்பாதீர்கள், அது பொய்யின் பயணத்துக்கு இன்னொரு டிக்கெட்தான். ஒரு படத்தை மட்டும் எடுத்துக் குறுக்குக் கோடு போட்டு அனுப்பலாம். செய்தி வெளிமாநிலத் தொழிலாளரைப் பற்றியது என்றால் அவசர உதவி எண்ணான 112க்குத் தெரிவித்துவிட்டு, அன்றைய ஷிப்ட் முடிவதற்குள் அவர்களுக்கும் விளக்கம் போய்ச் சேர வழி பாருங்கள். விடுதியிலுள்ள எல்லோருக்கும் இந்தி தெரியும் என்று எண்ணிக்கொள்ளாமல், ஒடியாவிலும் வங்காளியிலும் பேசத்தெரிந்த சக தொழிலாளியை வைத்துக் குரல் பதிவாக அனுப்பச் சொல்லுங்கள்.