போர்வெல் தண்ணீரை அளந்து பாய்ச்சுவது எப்படி

விவசாய மோட்டாருக்கு கரண்ட் 1990-லிருந்தே இலவசம், 2003-ல் தமிழ்நாட்டில் கொண்டுவந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தையும் 2013-ல் ரத்து செய்துவிட்டார்கள். அதனால் எங்கள் ராசிபுரம் பக்கம் போரில் இவ்வளவுதான் இறைக்கணும் என்று யாரும் வந்து சொல்லப்போவதில்லை, நாமே கணக்கு வைத்தால்தான் உண்டு.

முதலில் போரின் நீர்மட்டம். நைலான் கயிற்றில் பத்து அடிக்கு ஒரு முடிச்சு, நுனியில் கனமான போல்ட், கடைசி இருபது அடிக்கு சாக்பீஸ் பூசிக்கொள்ளுங்கள், நனைந்த கோடு பளிச்சென்று தெரியும். இறக்கிய நீளத்தில் நனைந்ததைக் கழித்தால் மட்டம். போரில் கயிறு மோட்டார் ஒயரோடு சிக்கும், ஆகவே அடுத்த தடவை மோட்டாரைத் தூக்கும்போது முக்கால் இஞ்ச் பைப் ஒன்றைக் கூடவே இறக்கிவிட்டு அதற்குள் கயிற்றை விடுங்கள். அமாவாசைக்கு அமாவாசை, விடியற்காலையில், உங்கள் மோட்டாரும் பக்கத்துத் தோட்டத்து மோட்டாரும் ஓடாத நேரத்தில் அளந்து நோட்டில் எழுதுங்கள்.

அப்புறம் டிரம். 200 லிட்டர் டிரம் 80 விநாடியில் நிறைந்தால் மணிக்கு 9,000 லிட்டர். ஆறு மணி நேரம் ஓட்டினால் நாளுக்கு 54,000. நெல்லுக்கு ஒரு போகத்துக்கு மொத்தம் 1,200 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 48 லட்சம் லிட்டர், அதாவது அந்த போர் 90 நாள் விடாமல் ஓடினால்தான் ஒரே ஒரு ஏக்கர். நிலக்கடலைக்கு 500 மில்லிமீட்டர், ஏக்கருக்கு 20 லட்சம், 37 நாளில் முடிந்துவிடும். சித்திரையில் டிரம் நிறைய இன்னும் நேரமாகும், அப்போது திரும்ப அளக்காவிட்டால் இந்தக் கணக்கே பொய்.

வரவையும் பாருங்கள். 700 மில்லிமீட்டர் மழை ஒரு ஏக்கரில் கொட்டுவது 28 லட்சம் லிட்டர், பாறைப் பூமியில் பத்தில் ஒரு பங்கு உள்ளே இறங்கினாலே பெரிது. இறைத்ததில் கொஞ்சம் திரும்ப மண்ணுக்குள் போகும், சரி, ஆனாலும் கோடை நெல் ஒரு ஏக்கர் என்பது பதினேழு ஏக்கர் மழையைக் குடிக்கிற சமாச்சாரம்.

ஆட்டோ ஸ்டார்ட்டரை ஆஃப் பண்ணிவிட்டு டைமர் போடுங்கள். போன வைகாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போய் மறுநாள் வந்து பார்த்தால் வாய்க்கால் உடைந்து பக்கத்துக் காடு குளமாகக் கிடந்தது, கரண்ட் வந்ததும் மோட்டார் தானாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் ஒருவர் மட்டும் அடக்கி வாசித்தால் பக்கத்துக்காரர் இழுத்துவிடுவார், கீழே இருக்கிற பாறை வெடிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான். மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜாரில் வருடா வருடம் மழைக்கணக்கு பார்த்து கிராமசபையில் என்ன பயிர் என்று முடிவு செய்கிறார்கள், பாசனத்துக்கு போர் கிடையாது. நாங்கள் நாலு தோட்டத்துக்காரர்கள் தை மாதம் டீக்கடையில் நோட்டுகளை வைத்து ஒப்பிடுகிறோம், அவ்வளவுதான். மூன்று பேர் நிலக்கடலைக்கு மாறியாச்சு. பெரியப்பா மட்டும் அரை ஏக்கர் நெல்லை விடமாட்டேன் என்கிறார், வீட்டுச் சோற்றுக்காம்.