ஒயிட்ஃபிஷ் மாட்டினால் முகம் சுளிக்காதீர்கள்

அமெரிக்காவின் மொன்டானா, ஐடஹோ ஆறுகளில் தூண்டில் போடுகிறவர்கள் ட்ரவுட் மீனுக்குத் தவம் கிடப்பார்கள். மலை ஒயிட்ஃபிஷ் மாட்டினால் பலருக்கு முகம் வாடிவிடும். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. அதுவும் ட்ரவுட், சால்மன் குடும்பம்தான். வாலுக்கு முன்னால் முதுகில் இருக்கும் சிறு கொழுப்புத் துடுப்பே சாட்சி. அந்த ஆறுகளின் சொந்தப் பிள்ளையும் அதுதான். பிரவுன் ட்ரவுட்தான் ஐரோப்பாவிலிருந்து வந்து குடியேறியது.

குளிர்காலத்தில் ட்ரவுட் மந்தமாகிவிடும். ஒயிட்ஃபிஷ் அப்போதும் இரையெடுக்கும். ஆழமாக, நிதானமாக ஓடும் நீரைத் தேடுங்கள். ஒன்று கிடைத்தால் நகராதீர்கள், கூட்டமே அங்கிருக்கும். வாய் மிகச் சிறியது, கீழ்நோக்கி அமைந்தது. அதனால் 16 அல்லது 18 எண் கொண்ட சிறிய தூண்டில் முள்ளில், நீர்ப்பூச்சியின் இளம்பருவம் போலக் கட்டிய இரையை, ஈயம் சேர்த்து அடித்தரையை உரசியபடி போகவிடுங்கள். தக்கை ஒரு கணம் தயங்கினாலும் உடனே தூக்குங்கள்.

சதையில் முள் அதிகம். புகையூட்டினால்தான் அதன் அருமை தெரியும்: உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரில் இரவு முழுவதும் ஊறவைத்து, மேற்புறம் உலர்ந்து லேசாக ஒட்டும் பதம் வந்ததும் ஆப்பிள் மரப் புகையில் வையுங்கள்.

2016 ஆகஸ்டில் யெல்லோஸ்டோன் ஆற்றில் சிறுநீரக நோய் தாக்கி ஆயிரக்கணக்கில் செத்து மிதந்தவை பெரும்பாலும் இந்த மீன்களே. எனவே சமையலுக்கு வேண்டியதை மட்டும் எடுங்கள். எத்தனை பிடிக்கலாம் என்பது ஆற்றுக்கு ஆறு மாறும். அந்த ஆண்டின் விதிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.